வடிந்த நீர் கலங்கினால்



சிறுநீரகம் செயலிழந்த பிள்ளைகளுக்குச் செய்யப்படும் பெரிட்டோனியல் டயாலிசிஸைப்பற்றி உங்களில் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவனல்ல, நர்ஸுகள் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கூட உட்கார்ந்து கேட்டு வருகிறவன்.

வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வுதான் இதில் வடிகட்டி. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகச் சர்க்கரை கலந்த சுத்தமான திரவத்தை உள்ளே விடுவார்கள். இரத்தத்திலுள்ள கழிவும் மிஞ்சிய நீரும் அதில் வந்து சேர்ந்தபின் அதை வடித்துவிட்டுப் புதிது விடவேண்டும். 1968ல் அமெரிக்காவில் டாக்டர் டெங்காஃப் உருவாக்கிய சிலிக்கோன் குழாயின் வகைகளே இன்றும் பயன்படுகின்றன. இரத்த நாளத்தில் ஊசி குத்த வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம். ஆகவே சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது.

வீட்டில் செய்வதால், ஆபத்தை முதலில் காண்கிறவளும் தாய்தான். குழாயை இணைக்கும்போது கை சுத்தமாக இல்லாவிட்டால் கிருமி உள்ளே போய்ச் சவ்வு அழற்சி கண்டுவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு, அதிலும் கைக்குழந்தைகளுக்கு, இது அதிகம். திரும்பத் திரும்ப வந்தால் சவ்வே கெட்டு, இந்தச் சிகிச்சையைத் தொடர முடியாமற்போகும்.

வடிந்து வரும் நீர் தெளிவாக இருக்கவேண்டும். பையை அச்சிட்ட தாளின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுகிறார்கள். எழுத்து மங்கினால் உடனே புறப்படவேண்டும். வாசிக்கத் தெரியாத ஒரு தாய் காலண்டர் தாளை வைத்துக்கொள்ளுகிறார். தேதி தெரிந்தால் போதுமாம்! காய்ச்சலுக்கும் வலிக்கும் காத்திருக்கக் கூடாது. வலியைச் சொல்லத் தெரியாத வயதல்லவா? கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் கொண்டுவரவேண்டும். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணுக்கள் 100க்கு மேலிருந்து, அவற்றில் பாதிக்குமேல் நியூட்ரோஃபில் என்றால் அழற்சிதான் என்று கொண்டு, அநேகமாய் அந்தத் திரவத்திலேயே மருந்தைக் கலந்து வயிற்றுக்குள் விடுகிறார்கள்.

வேறு தொல்லைகளும் உண்டு. குழாய் வெளிவரும் இடத்தில் சீழ் பிடிக்கலாம், குடலிறக்கம் வரலாம். நீர் சரியாக வடியாதபோது குழாய் அடைத்துவிட்டதென்று பயப்படுவார்கள். பல வேளைகளில் மலச்சிக்கல்தான் காரணம், பேதி மருந்தோடு தீரும். வடியும் நீரோடு புரதமும் போய்விடுவதால் முட்டையும் பருப்பும் கூடுதலாய் வேண்டும், ஆனால் பிள்ளைக்கோ பசியிராது.

உங்கள் காணிக்கை விலையுயர்ந்த இயந்திரத்துக்கே போகிறதென்று எண்ணவேண்டாம். சோப்பு, முகமூடி, முட்டை, பஸ் கட்டணம் இவைகளுக்கும் போகிறது. கையில் காசில்லாமல் "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிடுகிற இரவுதான் பொல்லாதது. ஆகவே கலங்கிய பையோடு வருகிறவர்களுக்கு வழிச்செலவை வாசலிலேயே கொடுத்துவிடுகிறோம், டிக்கெட்டைக் கேட்பதில்லை.