நிலத்தடி நீரும் ஓர் அமானிதமே!

 



துருக்கியின் கொன்யா என்றதும் மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் ஊர் என்பது நம் நினைவுக்கு வரும். அதே மாகாணத்தில் கராப்பினார் என்றொரு வட்டாரம் உண்டு. அங்கே சின்னச் சின்ன விவசாய ஊர்கள். 2012ல் இயற்றப்பட்ட சட்டத்தால் 2014 முதல் அவை கிராமம் என்ற பெயரை இழந்து 'மஹல்லெ' ஆகிவிட்டன. நாம் மஹல்லா என்கிறோமே, அதே சொல்தான். ஒரு பள்ளிவாசல், சில வீடுகள், அதற்கப்பால் வயல்வெளி.

அங்கு ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழைதான். முன்னோர் அதற்கேற்ப கோதுமை, பார்லி விதைத்தார்கள், ஆடு வளர்த்தார்கள். பின்னர் மக்காச்சோளமும் சர்க்கரைக் கிழங்கும் வந்தன. இவை கோடையில் தண்ணீர் கேட்கும் பயிர்கள். எனவே ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. அனுமதியின்றித் தோண்டியவையும் ஏராளம். நீர்மட்டம் இறங்க இறங்க, இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள்.

அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் பொந்துகளில் நிறைந்திருந்த நீர், மேலே இருக்கும் நிலத்தைத் தாங்கி நின்றது. நீர் வற்றியதும் கூரை சரிகிறது. நேற்று உழுத வயலில் இன்று வட்டமாக ஒரு பெரும் பள்ளம்! 'ஒப்ருக்' என்று அதற்குப் பெயர். இயற்கையாகவே உண்டான பழைய பள்ளங்களும் அங்கு உண்டு. ஆனால் சமீப காலத்தில் அவை வேகமாகப் பெருகுவதற்கு, அளவின்றி நீர் உறிஞ்சுவதே முக்கியக் காரணம். இன்று கொன்யா சமவெளியில் நூற்றுக்கணக்கான பள்ளங்கள்.

அன்பானவர்களே! ஸஹீஹுல் புகாரியில் வரும் கப்பல் ஹதீஸை நினைத்துப் பாருங்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காக மேல்தளத்தாரைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம், நம் பங்கிலேயே ஒரு துளை போட்டுக்கொள்வோம் என நினைக்கிறார்கள். அவர்களைத் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

அந்தத் துளையும் தண்ணீருக்காகத்தான்! அவர்களின் எண்ணமும் கெட்டதல்ல. கராப்பினார் விவசாயியும் கெட்டவரல்ல. கடனை அடைக்க வேண்டும், பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். "என் நிலம், என் கிணறு" என்கிறார். நிலத்திற்கு வரப்பு உண்டு. அடியில் ஓடும் நீருக்கு வரப்பு ஏது? பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதி. நம் உரிமை, பிறரின் பங்கைப் பறிக்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது.

வறட்சிக் காலத்தில் அனடோலியக் கிராம மக்கள் திடலில் கூடி மழைக்காக துஆ செய்கிறார்கள். நாமும் செய்கிறோம், செய்யத்தான் வேண்டும். ஆனால் புதிய நீரைக் கேட்கும் முன், ஏற்கெனவே தந்த நீரை என்ன செய்தோம் என்ற கேள்விக்கும் பதில் வேண்டாமா? உங்கள் தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டு வருபவர் யார் என்ற கேள்வியோடுதான் அல்முல்க் அத்தியாயத்தை அல்லாஹ் முடிக்கிறான். அதை நாம் அடிக்கடி ஓதுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில் உளூ செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே உளூ செய்கிறோம். இன்று அஸருக்கு வரும்போது குழாயைப் பாதியளவே திறப்போம். நம் வீட்டு மோட்டார் ஓடும் நேரத்தில் அண்டை வீட்டுக் கிணற்றையும் நினைப்போம்.

அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.