ஒரு காட்சிக்கு 54 பேர்

குண்டடம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து புதுப்படம் பார்க்க, நம்மில் பலர் தாராபுரத்துக்கோ திருப்பூருக்கோதான் வண்டியை எடுக்கிறோம். சின்ன ஊர் தியேட்டர் ஏன் நிற்க மாட்டேங்குது? "எல்லாம் ஓடிடியாலதான்" என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி பதில். மீதியைக் கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

பெட்டியில் இருந்து சாவிக்கு

1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கைக் கட்டினார். அதன்பிறகு பல தலைமுறைக்குப் படம் என்றால் பிலிம் பெட்டிதான். 35 மி.மீ. பேசும்பட பிலிம் நொடிக்கு 24 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, அதாவது 4 கிலோமீட்டருக்கு மேல்! பிரிண்ட் எடுக்கச் செலவு அதிகம், அதனால் எண்ணிக்கை குறைவு. பெரிய ஊரில் ஓடி முடித்த பெட்டிதான் சின்ன ஊருக்கு வரும். தாமதமாக வந்தாலும் மலிவாக வந்தது.

இப்போது படம் டிஜிட்டல் கோப்பாக, பூட்டப்பட்டு வருகிறது. திறக்கும் சாவி குறிப்பிட்ட சர்வருக்கும் குறிப்பிட்ட நாட்களுக்கும் மட்டுமே வேலை செய்யும். எல்லா ஊரிலும் ஒரே நாள் ரிலீஸ். காத்திருப்பு போனது நல்லதுதான். ஆனால் புரொஜெக்டர், சர்வர் செலவை யார் ஏற்பது? இந்தக் கட்டணத் தகராறில்தான் 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் தயாரிப்பாளர்கள் ஒன்றரை மாதம் புதுப்படமே வெளியிடவில்லை.

கணக்கு

எண்கள் உதாரணத்துக்குத்தான். வாரச் செலவு (சம்பளம், கரண்ட், கருவி வாடகை) ரூ.60,000. வரி போக டிக்கெட் ரூ.100, அதில் தியேட்டர் பங்கு ரூ.40.

தேவையான டிக்கெட் = 60,000 ÷ 40 = 1,500.
வாரத்துக்கு 28 காட்சி. ஆக, காட்சிக்கு 54 பேர்.

கேட்க ஈஸியா இருக்குல்ல? நம்ம பகுதியில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்க. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தால் தூக்கம்தான். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. திங்கள் முதல் வெள்ளி வரை 20 காட்சிக்கும் 15 பேர் வீதம் வந்தால் 300 டிக்கெட். மீதி 1,200-ஐ சனி, ஞாயிறின் 8 காட்சியில் எடுக்கணும். காட்சிக்கு 150 பேர், அதுவும் எல்லா வாரமும்! படம் ஊத்திக்கிச்சுன்னா அந்த வாரமே நஷ்டம். வாரநாள் காட்சியை நிறுத்தினாலும் சம்பளமும் வாடகையும் நிற்காது.

பல திரை ஏன் ஜெயிக்குது?

மூன்று திரை ஒரே கட்டடத்தில் இருந்தால் டிக்கெட் கவுன்ட்டர், ஜெனரேட்டர், பார்க்கிங், கேன்டீன் எல்லாம் பொது. செலவு மூன்று மடங்காகாமல் இரண்டு மடங்கோடு, ரூ.1,20,000-ல் நின்றால், 84 காட்சிக்கு 3,000 டிக்கெட் போதும். காட்சிக்கு 36 பேர்! ஓடாத படத்தைச் சின்ன அரங்குக்கும் மாற்றலாம். திருப்பூரின் ஸ்ரீ சக்தி சினிமாஸ் போன்ற பல திரை வளாகங்களின் பலம் இதுதான்.

அளவு பெருகினால் பலம் என்ற இதே விதி மேலேயும் வேலை செய்கிறது. சென்னையில் சத்யம் தியேட்டரை நடத்திய எஸ்பிஐ சினிமாஸை 2018-ல் பிவிஆர் வாங்கியது. 2023-ல் பிவிஆரும் ஐநாக்ஸும் ஒன்றாயின.

யார் தலையில்?

சின்ன ஊர் தியேட்டர் மூடினால் செலவு மறைவதில்லை, இடம் மாறுகிறது. உரிமையாளர் கணக்கில் இருந்தது, இப்போது ஞாயிறு ஒருநாள் லீவில் குடும்பத்தோடு கிளம்புகிறவரின் பெட்ரோலாக, பஸ் நேரமாக, கேன்டீன் பில்லாக வருகிறது. அதைத் தாங்க முடியாதவர் போனிலேயே பார்த்துக்கொள்கிறார். "ஓடிடியாலதான்" என்று நாம் சொன்னதன் மறுபாதி இதுதான்.

உங்களுக்கு ஒரு பயிற்சி: திரையும் இருக்கையும் குறைத்து, வாரநாளில் அரங்கை வேறு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விட்டால், வாரம் ரூ.20,000 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 54 எவ்வளவாகக் குறையும்? போட்டுப் பாருங்க. உங்க ஊர் தியேட்டருக்கு அந்த எண்ணிக்கை வருமா என்று அடுத்த ஞாயிறு போய் எண்ணியும் பாருங்க.