கேமரா கைப்பிடி ஒட்டுகிறதா?

பீரோவில் இருந்த பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்தால், கைப்பிடி பிசுபிசுவென விரலில் ஒட்டுகிறதா? பழைய மவுஸ்களிலும் இந்தத் தொல்லை உண்டு. இது அழுக்கு அல்ல. சோப்புத் தண்ணீரில் போகாது.

பிடிப்பதற்கு மெத்தென்று இருக்க, பிளாஸ்டிக் மீது பாலியூரித்தேன் என்ற பொருளைப் பூசியிருப்பார்கள். காற்றின் ஈரம் ஆண்டுக்கணக்கில் இதன் மூலக்கூறுகளை உடைப்பதால் பூச்சு இளகுகிறது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இளகும். இதனைப் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியாது, எடுத்துவிடுவதே வழி.

முதலில் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். தனித் துண்டாகப் பெயர்ந்தால் அது ஒட்டப்பட்ட ரப்பர். பழைய பசையை நீக்கிவிட்டு, மெல்லிய இருபக்க டேப் வைத்து மீண்டும் ஒட்டினால் போதும்.

பூச்சு எனில், மெமரி கார்டில் உள்ள படங்களைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்திடவும். பின் கார்டையும் பேட்டரியையும் வெளியே எடுத்திடவும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியைச் சற்றே நனைத்து, மறைவான ஓரிடத்தில் சோதித்த பின் துடைக்கவும். கேமரா மீது ஊற்றக் கூடாது. லென்ஸ், திரை மீது படக் கூடாது. இது தீப்பற்றும், அடுப்பு அருகே வேண்டாம்.

பூச்சின் மேல் அச்சிட்ட பட்டன் குறியீடுகளும் சேர்ந்தே போகும். எனவே என் கேமராவைத் துடைக்கும் முன் அவற்றை மொபைலில் படம் எடுத்துக் கொண்டேன். நீங்களும் அப்படியே செய்திடுங்கள்.

நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டையும் தொட வேண்டாம். அவற்றில் அசிட்டோன் இருந்தால் அடியில் உள்ள பிளாஸ்டிக்கும் கரைந்துவிடும். அதன் பின் கேமராவைக் காப்பாற்ற வழியில்லை.