பிராட்பேண்ட் மெதுவாக வருகிறதா? குறை எங்கே என்று முதலில் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, கூடவே பிராட்பேண்ட் இணைப்பும் எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது: "100 எம்.பி.பி.எஸ். வேகம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். ஒரு வீடியோ கூட நிற்காமல் ஓடவில்லையே, ஏன்?" வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தால் ரூட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொல்வார்கள். இரண்டாவது முறை பேசினால், இன்னும் பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார்கள். மாறுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, கீழே உள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும் தகவல் மூன்று கட்டங்களைத் தாண்டி வருகிறது. கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ளது முதல் கட்டம். ரூட்டரிலிருந்து இணைப்பு தரும் நிறுவனம் வரை இரண்டாவது. அங்கிருந்து வெளியே உள்ள இணைய தளங்கள் வரை மூன்றாவது. முதல் கட்டத்தில் உள்ள குறையை நீங்கள்தான் சரி செய்ய வேண்டும். இரண்டாவதை நிறுவனம் சரி செய்ய வேண்டும். எந்தக் கட்டத்தில் குறை என்று தெரியாமல் பணம் செலவழிப்பது வீண்.

முதலில் ஒரு கணக்கு. பிளானில் சொல்லப்படும் வேகம் பிட் கணக்கில் இருக்கும். பைல் டவுன்லோட் ஆகும்போது திரையில் தெரியும் வேகம் பெரும்பாலும் பைட் கணக்கில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. 11 அல்லது 12 என்று காட்டினால் உங்கள் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. விளம்பரத்தில் வேகத்துக்குப் பின்னால் சிறிய எழுத்தில் "வரை" என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு சொல்லில் நிறைய அடங்கியிருக்கிறது. அரசின் 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி 256 கே.பி.பி.எஸ். வந்தாலே அது பிராட்பேண்ட். அந்தக் குறைந்தபட்ச அளவு 2023 ஜனவரியில்தான் 2 எம்.பி.பி.எஸ். ஆக உயர்த்தப்பட்டது.

அடுத்து கேபிள் சோதனை. வை-பையை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை லேன் கேபிள் மூலம் நேரடியாக ரூட்டரில் இணையுங்கள். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லை என்றால் யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். இப்போது வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் முழு வேகமும் வை-பையில் கால் பங்கும் வந்தால், குறை உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பேத்தியின் ஆன்லைன் வகுப்பு அடிக்கடி நின்றுபோகிறது என்று 300 எம்.பி.பி.எஸ். பிளானுக்கு மாறத் தயாராக இருந்தார். "மாசா மாசம் கூடுதலா கட்டணுமேன்னுதான் யோசிக்கிறேன் தம்பி" என்றார். கேபிளில் இணைத்துப் பார்த்தோம். 94 வந்தது. அவர் வீட்டில் ரூட்டர் இருந்தது முன்னறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். பேத்தி படிப்பது இரண்டு சுவர் தள்ளி. ரூட்டரைக் கூடத்தின் நடுவே உயரமான அலமாரியில் வைத்தோம். வகுப்பு நிற்கவில்லை, பிளானையும் மாற்றவில்லை.

வை-பை அலைகளுக்கு இரும்பும் கான்கிரீட்டும் பெரிய தடை. இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்கும். முதலாவது சுவர்களைத் தாண்டி ஓரளவு செல்லும், ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு ரூட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில் நெரிசல் உண்டாக்கும். இரண்டாவது நல்ல வேகம் தரும், ஆனால் சுவர் வந்தால் சோர்ந்துவிடும். ரூட்டர் உள்ள அறையிலேயே வேலை என்றால் 5ஐத் தேர்ந்தெடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4ஐப் பயன்படுத்துபவர்கள், ரூட்டர் செட்டிங்கில் சேனல் 1, 6, 11 மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து எது நெரிசல் இல்லாமல் இருக்கிறது என்று பார்க்கலாம். இந்த மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை.

கேபிளிலும் வேகம் இல்லை என்றால், விண்டோஸிலேயே உள்ள பிங் என்ற கட்டளை உதவும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சி, எம், டி என்ற ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்பு விண்டோ திறக்கும். அதில் பி, ஐ, என், ஜி என்ற எழுத்துகள், ஒரு இடைவெளி, பிறகு ரூட்டரின் எண், மீண்டும் இடைவெளி, ஒரு சிறிய கோடு, அதை ஒட்டி டி என்ற எழுத்து ஆகியவற்றை டைப் செய்து என்டர் தட்டவும். ரூட்டரின் எண் பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும்; ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். வரிசையாக வரிகள் ஓடத் தொடங்கும். ஒவ்வொன்றின் இறுதிப் பகுதியில் டைம் என்று மில்லி விநாடிக் கணக்கு இருக்கும். கேபிளில் இது 1 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். நிறுத்த கன்ட்ரோல் கீயுடன் சி அழுத்தவும்.

பிறகு அதே கட்டளையை ரூட்டர் எண்ணுக்குப் பதில் 8.8.8.8 என்று கொடுத்து ஓட விடுங்கள். இது கூகுளின் சர்வர். முதல் சோதனை சீராக இருந்து, இதில் மட்டும் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று இடையிடையே வந்தாலோ, 20 என்று இருந்த எண் திடீரென்று 400, 600 என்று தாவினாலோ, குறை ரூட்டருக்கு அப்பால் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு முன் வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா, கண்காணிப்பு கேமரா வீடியோ அனுப்புகிறதா என்று பாருங்கள். அப்லோட் பாதை நிரம்பிவிட்டால் டவுன்லோடும் தள்ளாடும். பலர் கவனிக்காத காரணம் இது.

8.8.8.8 சீராக பதில் தருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். குறையாக இருக்கலாம். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர் அது. செட்டிங்கில் அதை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றலாம். தளங்கள் திறக்கும், டவுன்லோட் வேகம் இதனால் கூடாது. வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் பூஸ்டர் புரோகிராம்களை இன்ஸ்டால் செய்ய வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில், விண்டோஸ் 20 சதவீத வேகத்தைத் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது, அதை விடுவிக்கலாம் என்று ஒரு டிப்ஸ் ஊரெல்லாம் சுற்றியது. அது உண்மையல்ல என்று மைக்ரோசாப்ட் விளக்கிய பிறகும் சுற்றியது.

பைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் பெட்டியில் உள்ள விளக்குகளைப் பார்க்கவும். பான் என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டியிருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்குகிறதா என்று பாருங்கள். ஆனால் இழையின் முனையைக் கழற்றிக் கண்ணால் பார்க்கக் கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர் என்று மைனஸ் எண் ஒன்று இருக்கும். மைனஸ் 27ஐ நெருங்கினால் சிக்னல் பலவீனம். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இரவு மட்டும் மெதுவாகிறது என்றால் காரணம் வேறு. நிறுவனத்திலிருந்து வரும் ஒரு இழையைப் பிரித்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ கொடுப்பது வழக்கம். எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் பங்கு குறையலாம். வேகம் சோதிக்கும் தளங்களில் ஒரு நுணுக்கம் உண்டு. அவை பக்கத்திலுள்ள சர்வரைத் தாமாகவே தேர்ந்தெடுக்கும். அது உங்கள் நிறுவனத்தின் சர்வராகவே இருக்கலாம். அதில் 100 காட்டுவதால் வெளியுலகத்துக்கும் 100 என்று ஆகாது. வேறு ஊர் சர்வர் ஒன்றையும் தேர்ந்தெடுத்துச் சோதிக்கவும். மிகச் சில நேரங்களில் குறை கடலுக்கடியிலேயே இருக்கும். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுவதும் இன்டர்நெட் தடுமாறியது. அந்த நாட்களில் ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டும் பயனில்லை.

குறை நிறுவனத்தின் பக்கம் என்று தெரிந்துவிட்டால், "நெட் ஸ்லோ" என்று மட்டும் புகார் செய்யாதீர்கள். ஐந்து நாட்களுக்குக் காலை, மாலை, இரவு என்று கேபிளில் சோதித்து, தேதி, நேரம், வேகம், பிங் எண் ஆகியவற்றை நோட்டில் எழுதி வையுங்கள். புகாரில் "கேபிளில் சோதித்தேன், ரூட்டர் வரை சீராக உள்ளது, அதற்கு அப்பால் பதில் விட்டுப்போகிறது, ஆர்.எக்ஸ். பவர் மைனஸ் 28" என்று சொல்லிப் பாருங்கள். ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். டிராய் அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் அவர்கள் டாக்கெட் எண் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். சரியாகவில்லை என்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். ஆள் வந்து பார்க்கும் நாளில் கம்ப்யூட்டரைக் கேபிளில் இணைத்து, பிங் ஓடும் விண்டோவைத் திறந்தே வைத்திருங்கள். அவர் வேலை முடித்த பிறகு ஆர்.எக்ஸ். பவர் எண்ணை மீண்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.