திரும்பும் வழி

கணினி நிரலில் ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது இரண்டு செய்திகள் உடன் செல்கின்றன. பணிக்கு வேண்டிய மதிப்புகள் ஒன்று; பணி முடிந்தபின் திரும்ப வேண்டிய முகவரி மற்றொன்று. இவற்றை எங்கே வைப்பது என்பதற்கு விதிகள் உண்டு. அவ்விதிகளின்படி எந்திரமொழியை ஆக்கித் தருவது கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி.

இன்டெல் வகை 64 பிட் செயலியில் இயங்கும் லினக்ஸில், முதல் 6 முழுஎண் மதிப்புகள் செயலியின் உள்ளேயே அமைந்த பதிவகங்களில் வைக்கப்படும். ஏழாவது முதல் உள்ளவை நினைவகத்தின் ‘அடுக்கு’ என்னும் பகுதிக்குச் செல்லும். திரும்பும் முகவரியும் அங்கேயே இருக்கும்.

அடுக்கி வைத்த தட்டுகளில் இறுதியாக வைத்ததே முதலில் எடுக்கப்படும். அவ்வாறே, இறுதியாக அழைக்கப்பட்ட செயற்கூறே முதலில் முடிந்து தன் இடத்தை விட்டு நீங்கும். 5 முதல் 1 வரையுள்ள எண்களின் பெருக்கற்பலனைக் காண, ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைப்பதாகக் கொள்வோம். 1-ஐ அடையும்போது அடுக்கில் 5 அழைப்புகள், தத்தம் மதிப்புகளுடன் காத்திருக்கும். பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பி, 120 என்னும் விடையைத் தரும். நிறுத்தும் நிபந்தனையை எழுத மறந்தால் அடுக்கு நிரம்பி வழியும்; நிரல் நின்றுவிடும்.

வேறொரு தீங்கும் நேரலாம். 1988 நவம்பரில் ‘மாரிஸ் புழு’ என்னும் நிரல் இணையத்தில் பரவியது. அன்றைய வாக்ஸ் கணினிகளில் இயங்கிய ஒரு நிரல், வரும் செய்திக்கு அடுக்கில் 512 பைட் இடமே ஒதுக்கியிருந்தது. செய்தியின் நீளத்தை அளந்து பார்க்கவில்லை. புழு அதனினும் நீண்ட செய்தியை அனுப்பிற்று. மிகுதி வழிந்து, திரும்பும் முகவரியை மாற்றியது. செயற்கூறு தன்னை அழைத்த இடத்திற்குத் திரும்பாமல், புழு காட்டிய வழியில் சென்றது.

இன்றைய நிரல்பெயர்ப்பிகள் அம்முகவரிக்கு முன்னே ஒரு காவல் மதிப்பை வைக்க வல்லவை. திரும்புமுன் அம்மதிப்பு மாறியிருப்பின் நிரல் நிறுத்தப்படும். எனினும், அளந்து இடுவது நிரல் எழுதுவோரின் கடமையே.

சொற்பொருள்
செயற்கூறு – குறித்த ஒரு பணியைச் செய்யும் நிரற்பகுதி
பதிவகம் – செயலியினுள் அமைந்த சிறு சேமிப்பிடம்
மிகுதி – எஞ்சியது

பயிற்சி
1. பிரித்து எழுதுக: மற்றொன்று, அவ்விதி, அம்முகவரி.
2. எட்டு முழுஎண் மதிப்புகளை அனுப்பினால், அடுக்கிற்குச் செல்பவை எத்தனை?
3. காவல் மதிப்பு எவ்வாறு உதவுகிறது? இரண்டு தொடர்களில் எழுதுக.