சிறிய வண்டி, பெரிய கணக்கு

1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ், இயந்திரத்தால் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இன்றைய மகிழுந்துகளுக்கு முன்னோடி அதுவே. அவ்வண்டியை மேசைமீது நிற்கும் அளவுக்குச் சிறியதாகவும் உண்மையிலேயே ஓடக்கூடியதாகவும் செய்ய முடியுமா?

முதலில் மூல வண்டியை அறிந்துகொள்வோம். அதன் இயந்திரத்தில் ஒரே ஒரு சிலிண்டர்தான் இருந்தது. அதன் கொள்ளளவு 954 கன சென்டிமீட்டர். இயந்திரம் நிமிடத்திற்குச் சுமார் 400 முறை சுழன்றது. வண்டி மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. பின்புறத்தில் கனமான சுழல் சக்கரம் ஒன்று படுக்கைவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. இயந்திரத்தின் நான்கு வீச்சுகளில் ஒன்று மட்டுமே ஆற்றலைத் தரும். மற்ற மூன்று வீச்சுகளிலும் இயந்திரம் நின்றுவிடாமல் காப்பது இச்சக்கரமே.

இவ்வண்டியை எட்டில் ஒரு பங்காகச் சுருக்குவதாகக் கொள்வோம். நீளம் 8 மடங்கு குறையும். ஆனால், பரப்பளவு 64 மடங்கும் கன அளவு 512 மடங்கும் குறைந்துவிடும். எனவே, மாதிரியின் சிலிண்டர் 2 கன சென்டிமீட்டரைக்கூட எட்டாது. சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெரிய பானையிலுள்ள தேநீரைவிடச் சிறு குவளையிலுள்ள தேநீர் விரைவில் ஆறிவிடும் அல்லவா? அதேபோல், சிறிய சிலிண்டரின் சுவர் வெப்பத்தை விரைவாக உறிஞ்சிவிடுகிறது. அதனால், எரிபொருள் தரும் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகிறது. சுழல் சக்கரத்தின் நிலையும் இதுவே. அதன் எடையோடு அகலமும் குறைவதால், அதே வேகத்தில் சுழன்றால் அதனால் போதிய ஆற்றலைத் தேக்கிவைக்க இயலாது. மூல வண்டியைப்போல் சீராக ஓட வேண்டுமானால், கணக்குப்படி அது 8 மடங்கு விரைவாக, அதாவது நிமிடத்திற்கு 3200 முறை சுழல வேண்டும்.

இதனால், மாதிரியைச் செய்பவர் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்குவதில்லை. வெளித்தோற்றத்தில் அளவு பிசகாமல் பார்த்துக்கொள்கிறார். உள்ளே, சக்கரத்தின் விளிம்பைக் கனமாக்குகிறார். எளிதில் முறியக்கூடிய பாகங்களைச் சற்றுத் தடிப்பாக்குகிறார். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று முடிவெடுப்பதே அவரது உண்மையான திறமை.

கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் மாதிரியில் குறைகள் மறைந்திருக்கலாம். ஓடும் மாதிரியில் அவை மறைய முடியாது. 1888ஆம் ஆண்டில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் அவ்வகை வண்டியில் மன்ஹைம் நகரிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தார். வண்டியின் குறைகளையும் அதன் பயனையும் அப்பயணமே வெளிப்படுத்தியது. வண்டி பெரியதோ சிறியதோ, அதை ஓட்டிப் பார்ப்பதே அதற்கு வைக்கும் தேர்வு.