கார் பேட்டரியில் படகு ஓட்டலாமா?

மாணவர்களே, இந்த வாரப் பாடம் ஓர் ஈயக்குட்டையில் தொடங்குகிறது.

பேராவின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈயம் தோண்டி முடித்த இடங்களில் மழைநீர் தேங்கிக் குட்டைகளாகி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் மாமாவுடன் அப்படியொரு குட்டைக்குத் தோமான் மீன் பிடிக்கச் சென்றேன். மாமாவிடம் சிறிய ஃபைபர் படகு ஒன்று உண்டு. அதன் பின்புறத்தில் 12 வோல்ட் மின்மோட்டார். படகுக்கெனத் தனி பேட்டரி வாங்க மனமில்லாமல், காரில் இருந்த பேட்டரியையே கழற்றிப் படகில் வைத்தார்.

“அவ்வளவு பெரிய காரையே கிளப்புற பேட்டரி, இந்தச் சின்னப் படகை இழுக்காதா?” என்றார். அறிவியல் ஆசிரியரான நானும் தலையாட்டினேன்.

ஒரு மணி நேரம் ஆனது. மோட்டாரின் வேகம் குறைந்தது, பிறகு நின்றேபோனது. கரை தூரத்தில் இருந்தது, வானம் இருட்டிக்கொண்டு வந்தது. படகில் துடுப்பு இல்லை. உயிர்காப்புச் சட்டை ஒன்றுதான் இருந்தது. ஐஸ் பெட்டியின் மூடியால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கரை சேர்ந்தோம். பேட்டரியைக் காரில் மாட்டினால், காரும் கிளம்பவில்லை!

மாமாவின் கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத்தானே தெரிகிறது? தவறு எங்கே?

பேட்டரிக்குள் நடப்பது என்ன?

கார் பேட்டரி ஈய-அமில வகையைச் சேர்ந்தது. பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாண்டே 1859இல் இதை உருவாக்கினார். (குட்டையில் தோண்டிய ஈயம் வெள்ளீயம், பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள்.)

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு மின்கலங்கள் தொடர் இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். எனவே முழுதாக மின்னேற்றிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஒவ்வொரு கலத்திலும் ஈயத் தகடுகளும் ஈய டைஆக்சைடு பூசிய தகடுகளும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும்.

மின்னோட்டம் எடுக்கும்போது இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட்டு படிகிறது. அமிலத்தின் செறிவு குறைகிறது; நீர் உருவாகிறது. மின்னேற்றும்போது இவ்வினை பின்னோக்கி நடக்கிறது.

240 முறை கிளப்பிய கணக்கு

காரைக் கிளப்ப 150 ஆம்பியர் மின்னோட்டம் 2 வினாடிகளுக்குத் தேவை என்று வைத்துக்கொள்வோம். மின்னூட்டம் என்பது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய விடை. ஆக, 150 × 2 = 300 கூலோம்.

படகு மோட்டார் 20 ஆம்பியர்தான் எடுக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம், அதாவது 3,600 வினாடிகள் ஓடுகிறது. 20 × 3,600 = 72,000 கூலோம்.

72,000ஐ 300ஆல் வகுத்தால் 240. ஒரு மணி நேரப் படகுப் பயணம், காரை 240 முறை கிளப்பியதற்குச் சமம்! காரிலோ, கிளப்பியவுடன் எஞ்சினோடு ஓடும் மின்னாக்கி அந்த இழப்பை ஈடுசெய்துவிடும். படகில் ஈடுசெய்ய எதுவும் இல்லை.

ஆகவே, பேட்டரிகளின் அமைப்பும் வேறுபடுகிறது. கார் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். மேற்பரப்பு அதிகம் என்பதால் ஒரே நொடியில் பெரிய மின்னோட்டம் கிடைக்கும். ஆனால் முழுவதும் இறக்கி ஏற்றினால், தகட்டில் பூசிய பொருள் விரிந்து சுருங்கி உதிரத் தொடங்கும். மின்மோட்டார் படகுக்கு ஏற்றது ‘டீப் சைக்கிள்’ பேட்டரி. அதன் தகடுகள் தடிப்பானவை, எண்ணிக்கை குறைவு. மீண்டும் மீண்டும் ஆழமாக இறக்கி ஏற்றுவதை அது தாங்கும்.

மாமா அதற்குப் பிறகும் மூன்று முறை கார் பேட்டரியோடு மீன் பிடிக்கப் போனார். நான்காம் முறைக்குப் பேட்டரி உயிரோடு இல்லை.

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

கடைக்குப் போனால், பேட்டரியின் மேல் இரண்டு குறிப்புகளைத் தேடுங்கள். ‘சி.சி.ஏ.’ என்பது கடுங்குளிரில் எஞ்சினைக் கிளப்பும் திறன். மின்மோட்டார் படகுக்கு அது முக்கியமல்ல. நமக்குத் தேவை ‘ஏ.ஹெச்.’, அதாவது ஆம்பியர்-மணி. பொதுவாக 100 ஆம்பியர்-மணி என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். 20 ஆம்பியர் வீதம் எடுத்தால் 5 மணி நேரம் வராது. அதற்கு முன்பே தீர்ந்துவிடும். வேகமாக எடுக்க எடுக்க, கிடைக்கும் மொத்த அளவு குறையும். இதை 1897இல் வாய்பாடாகத் தந்தவர் ஜெர்மனியின் பியூகர்ட்.

இப்போது எங்கள் பயணத்தைக் கணக்கிடுவோம்:

மோட்டார்: 20 ஆம்பியர் × 2 மணி = 40 ஆம்பியர்-மணி
விளக்கு: 1 ஆம்பியர் × 2 மணி = 2 ஆம்பியர்-மணி
மொத்தம்: 42 ஆம்பியர்-மணி

ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால் அது நெடுநாள் உழைக்கும். எனவே 42ஐ இரண்டால் பெருக்கினால் 84. எதிர்க்காற்று, பேட்டரியின் வயது ஆகியவற்றையும் எண்ணி 100 ஆம்பியர்-மணி பேட்டரியைத் தேர்ந்தெடுப்பதே சரி. மாமாவின் கார் பேட்டரி 45 ஆம்பியர்-மணி. நாங்கள் கிளம்பும்போதே தோற்றிருந்தோம்!

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் இப்போது கிடைக்கிறது. அதே கொள்ளளவுள்ள ஈய பேட்டரியின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். கொள்ளளவில் 80 விழுக்காடு வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் விலை அதிகம். அதற்குரிய மின்னேற்றியும் வேண்டும்.

பராமரிப்பு: மூன்று பழக்கங்கள்

1. வீடு திரும்பிய அன்றே மின்னேற்றுங்கள். இறங்கிய நிலையில் விட்டுவைத்தால், தகட்டில் படிந்த ஈய சல்பேட்டு கெட்டியான படிகமாக மாறும். பிறகு மின்னேற்றினாலும் அது முழுதாகக் கரையாது. பேட்டரி சும்மா இருந்தாலும் மின்னூட்டம் மெல்லக் கசியும். நம் நாட்டு வெப்பத்தில் இன்னும் வேகமாகக் கசியும். ஆகவே பயன்படுத்தாத மாதங்களிலும் மின்னேற்ற வேண்டும்.

2. அளந்து பாருங்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய முழு மின்னேற்றம், 12.2 என்றால் சுமார் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். மோட்டார் ஓடும்போது அளந்தால் அளவு குறைத்துக் காட்டும்.

3. மூடி திறக்கும் வகையாயின் நீர்மட்டம் பாருங்கள். தகடுகள் வெளியே தெரியக் கூடாது. குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். குழாய்நீரில் உள்ள தாதுக்கள் தகடுகளைக் கெடுக்கும். ஆவியாகிப் போவது நீர்தான், அமிலம் அல்ல. எனவே அமிலம் சேர்க்கக் கூடாது.

பாதுகாப்பு

மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் அதன் அளவு 4 விழுக்காட்டை எட்டினாலே ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். எனவே காற்றோட்டமான இடத்தில், பெரியவர்கள் உடனிருக்க மின்னேற்றுங்கள். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். அமிலம் தோலில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தொடர்ந்து கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

படகில் பேட்டரியை மூடிய பெட்டிக்குள் வைத்து வாரால் இறுகக் கட்டுங்கள். நேர்முனைக்கு அருகிலேயே உருகி பொருத்துங்கள். கடலில் போவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: உப்புநீர் பேட்டரிக்குள் புகுந்தால் நச்சு வாயுவான குளோரின் உருவாகலாம். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். மலேசியாவில் அது சட்டப்படி அட்டவணைக் கழிவு. பேட்டரி கடையில் திருப்பிக் கொடுத்தால் ஈயத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்துவார்கள்.

மாமா இப்போது 100 ஆம்பியர்-மணி ‘டீப் சைக்கிள்’ பேட்டரி வைத்திருக்கிறார். ஆனாலும் படகில் இரண்டு துடுப்புகளும் ஆளுக்கோர் உயிர்காப்புச் சட்டையும் இல்லாமல் கரையை விட்டு நகர்வதில்லை. கணக்கு சரியாக இருந்தாலும் கம்பி கழன்றுகொள்ளலாம் அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு படகில் மோட்டார் 12 ஆம்பியர் வீதம் 3 மணி நேரமும், விளக்கு 1 ஆம்பியர் வீதம் 2 மணி நேரமும் இயங்க வேண்டும். கடையில் 60, 80, 100 ஆம்பியர்-மணி ‘டீப் சைக்கிள்’ ஈய-அமில பேட்டரிகள் உள்ளன. எதை வாங்குவீர்கள்? ஏன்?

விடை: மொத்தத் தேவை 36 + 2 = 38 ஆம்பியர்-மணி. பாதி விதிப்படி 76 வேண்டும். 60 போதாது. 80 கணக்கில் போதும். ஆனால் 12 ஆம்பியர் வீதம் எடுக்கும்போது முழு அளவும் கிடைக்காது, பேட்டரிக்கு வயதாகும்போது இன்னும் குறையும். எனவே 100.